கோழிப் பயத்துக்கு ஒரு காந்தம்

முதல் நாள் அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டரம்மா, மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், நாற்காலியில் என் மருமகள், சுவரோரம் ஸ்டூலில் நான். ஐந்தாவது ஒரு வெள்ளைக் கோழி. அது படத்தில் இருந்தது, படத்தை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கவிழ்த்து வைத்திருந்தும் மருமகள் அந்த மேசைப் பக்கம் திரும்பவில்லை. என் மகன் வெளியே வராந்தாவில் நின்றிருந்தான், அதனால் அவனைச் சேர்க்கவில்லை.

எங்களுக்குத் தொழில் முட்டைக்கோழி. நாமக்கல்லுக்கு மேற்கே ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, இரண்டு ஷெட்டு, நடுவில் வீடு. ஜன்னலைத் திறந்தால் கோழி தெரியும். காற்று அடித்தால் துவைத்துக் காயப்போட்ட துணியில் இறகு வந்து ஒட்டும், சில நாள் சோற்றுத் தட்டிலேயே வந்து விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். அப்படி ஒரு வீட்டுக்கு வந்த மருமகளுக்குக் கோழி என்றால் பயம்.

பயம் என்றால் கூச்சமோ அருவருப்போ இல்லை. ஒரு இறகு பறந்து வந்து காலடியில் விழுந்தால் போதும், மூச்சு அடைத்துக்கொள்ளும், கை மரத்துப்போகும், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். முட்டை சாப்பிடுவாள், நன்றாகவே சாப்பிடுவாள். அதை வைத்துத்தான் எங்கள் சொந்தத்தில் சிரிப்பு. "கோழி ஆகாதாமா, அது போட்ட முட்டை மட்டும் ஆகுமாமா" என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் கேட்டார். மருமகள் சிரித்துக்கொண்டே, "முட்டை பறக்காதுங்களே பெரியம்மா" என்றாள். சிரிக்கும்போதும் அவள் கைவிரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

அவள் பிறந்தது கெங்கவல்லிப் பக்கம். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சின்ன வயதில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு நேராக அவள் முகத்தில் பாய்ந்திருக்கிறது. புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு வடு. கல்யாணத்துக்கு முன்னாலேயே என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். அப்போது அவனுக்குச் சேலத்தில் வேலை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகை வீடு, பண்ணைக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். வந்த அன்று மருமகள் தலைவலி என்று உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்கு எதையும் பெரிதாக்கிப் பார்க்கிற சுபாவம். இந்தப் பெண்ணுக்குத் தலையில் ஏதோ கட்டி வளர்கிறது, யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நானாகவே முடிவுகட்டி, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்துக் கிடந்தேன். கோழிதான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்து, இருமல் இளைப்பாகி, நெஞ்சு டாக்டர் இனிமேல் ஷெட்டுத் தூசு உள்ளே போகக்கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எனக்கு முழங்கால் தேய்மானம். எங்கள் ஷெட்டு, கூண்டுக்கு அடியில் எரு சேரட்டும் என்று உயரத் தூக்கிக் கட்டியது, படியேறித்தான் போக வேண்டும். மகன் வேலையை விட்டு மனைவியோடு ஊருக்கு வந்தான். தீவனம் வாங்க, முட்டை விலை பேசி ஏற்றிவிட, பேங்குக்கு அலைய என்று அவனுக்குப் பொழுது வெளியிலேயே சரியாகிவிடும். வேலைக்கு ஆள் இருக்கிறது. ஆனாலும் வீட்டு ஆள் ஒருவர் காலையிலும் சாயங்காலமும் உள்ளே போய் எது தின்னவில்லை, எது தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்க்காத பண்ணை தேறாது. அந்த ஒரு ஆள் மருமகளாக இருக்க வேண்டும், அல்லது பண்ணையை விற்றுவிட வேண்டும். இதற்கு மூன்றாவது வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மகன்தான் முதலில் சொன்னான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "இருக்கற கோழி முட்ட நின்னு கழிஞ்சதும் ஷெட்டக் குடுத்துப்போடலாங்கம்மா. புதுசாக் குஞ்சு உட வேண்டாம். அவளை இப்புடி சன்னலச் சாத்தி வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டறது" என்றான்.

என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார். அவர் கையால் கட்டிய ஷெட்டு. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

மருமகள் உள்ளறையிலிருந்து வந்தாள். "எனக்கோசரம் விக்காதீங்க. இந்தக் கோழி இருக்கிற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. நான் பாக்குறேன்" என்றாள்.

"என்ன பாப்பே?" என்றான் மகன்.

"தெரியல. ஆனா பாக்குறேன்."

அதற்கு முன்பே சேலத்தில் இருந்தபோது யாருக்கும் சொல்லாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் போயிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பயப்படுகிற பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகுகிற பயிற்சி. கோழிப் படம் வரைக்கும் போயிருக்கிறாள். படத்தைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாமல் அதோடு விட்டுவிட்டாள். இந்த முறை அவளே விசாரித்துச் சேலத்திலேயே ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். துணைக்கு மகன் தினமும் வர முடியாது. அதனால் நான் போனேன்.

டாக்டரம்மாவை எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து, காந்த விசையை விட்டுவிட்டுத் தட்டுவார்களாம். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. "மனச்சோர்வுக்கு இதை நிறைய பேருக்குக் குடுத்துப் பலன் பாத்திருக்கோம். இந்த மாதிரி ஒரே ஒரு பொருள் மேல வர்ற பயத்துக்கு இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. கண்டிப்பா சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன். இதுக்கு முக்கியமான வைத்தியம் நீங்க பாதியில விட்டீங்களே அந்தப் பயிற்சிதான். மெஷின் பயத்தைப் பிடுங்கிப் போடாது. பயப்பட வேண்டாம்னு மூளை கத்துக்குற இடத்தைக் கொஞ்சம் தட்டி எழுப்பிவிடும், அவ்வளவுதான். கத்துக்க வேண்டியது நீங்கதான்" என்றார்.

மருமகள் தலையாட்டினாள். எனக்கு வரிசையாகக் கேள்வி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். காந்தம் என்றால் எனக்குத் தெரிந்தது, தீவனத்தில் கலந்து வருகிற ஆணியையும் கம்பித் துண்டையும் இழுத்துக்கொள்ளுமே அது. ரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறது என்று சொல்கிறார்களே, அதை இழுத்துவிட்டால்?

"ஏனுங்க டாக்டரம்மா, மறதி வருமுங்களா? புருசன், ஊடு, வாசல் எல்லாம் நெனப்பு இருக்குமுங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சினிமாவுல காட்டுற ஷாக் இது இல்லம்மா. மறதி வராது. தலை வலிக்கலாம், மண்டைத்தோல்ல சுள்ளுனு இருக்கலாம். ரொம்ப அபூர்வமா யாருக்காவது வலிப்பு வரலாம், அதனாலதான் முன்னாடியே இவ்வளவு கேள்வி கேக்குறோம்" என்றார். தலைக்குள் இரும்புத் தகடு ஏதும் உண்டா, வலிப்பு வந்திருக்கிறதா, பிள்ளை உண்டாகியிருக்கிறாளா என்று அவர் மருமகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அது என்னோடு பஸ்ஸில் வீடுவரை வந்தது.

மெஷின் வைக்கிற முதல் நாள், கழுத்திலும் காதிலும் உலோகம் இருக்கக்கூடாது என்றார்கள். கம்மல், மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றினாள். தாலிக்கொடியில் கை வைத்தபோது என்னைப் பார்த்தாள். அது எனக்கு முன்பே மனதில் இருந்ததால், மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி மடியில் வைத்திருந்தேன். அதைக் கட்டிவிட்டுக் கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அந்த மெஷின் பெண், "எல்லாரும் இப்படித் தயாரா வந்தா எனக்கு வேலை மிச்சம்மா" என்றாள்.

முதலில் தலையில் ஒரு துணிக் குல்லாயை மாட்டி அளந்து குறித்தார்கள். பிறகு எட்டு போட்ட மாதிரி வளைந்த அந்தச் சுருளைத் தலையில் வைத்துத் தட்டினார்கள். மருமகளின் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவள் துள்ள வைக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு தட்டு, இங்கே ஒரு விரல் எழுந்து உட்கார்ந்தது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவளோ விரலைப் பார்த்து, "அட" என்றாள், வேடிக்கை பார்க்கிற குழந்தை மாதிரி. எவ்வளவு வேகம் வைக்க வேண்டும் என்பதை அந்த விரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

பிறகு சுருளை நெற்றிப் பக்கம் நகர்த்தினார்கள். எனக்கும் காதில் வைக்கப் பஞ்சுக் குமிழ் கொடுத்தார்கள். டக்டக்டக்டக் என்று ஒரு ஓட்டம், பிறகு ஓய்வு, மறுபடி ஓட்டம். முடிந்ததும் மருமகள், "எப்படிக் கேட்டுச்சு அத்த வெளியில?" என்று கேட்டாள். மரங்கொத்தி கொத்துவதுபோல என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் ஒரு பறவை என்பது நினைவு வந்து, "தச்சு வேல நடக்கறாப்பல" என்று மாற்றிச் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "மரங்கொத்தின்னு சொல்லுங்க, பரவால்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் வேலையே. காந்தம் தட்டி முடித்த சூட்டோடு டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, அந்தக் கவிழ்த்த படத்தை அவளையே திருப்பச் சொன்னார். திருப்பவில்லை. நேரம் போனது. டாக்டரம்மா வற்புறுத்தவும் இல்லை, விடவும் இல்லை. அவள் ஒரு முனையைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள். அன்றைக்குக் கோழியின் காலை மட்டும் பார்த்தாள். அதற்கே உள்பாவாடைவரை வேர்த்து நனைந்துவிட்டது. "கால் நல்லா இருந்துச்சு" என்றாள் வெளியே வந்து, மகனிடம். அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

ஞாயிறு தவிர்த்துத் தினமும் பஸ். காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பினால் மதியம் தாண்டித் திரும்புவோம். கால் முழுசாகத் தெரிந்தது, பிறகு உடம்பு, பிறகு கண். படம் போய் செல்போனில் ஓடுகிற கோழி வந்தது, அதன் பிறகு சத்தத்தோடு ஓடுகிற கோழி. ஒரு நாள் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஒரே ஒரு இறகை வைத்துக் கொடுத்தார்கள். அங்கேயே கையில் பிடித்துப் பழகத்தான் கொடுத்தார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டாள்.

அன்றைக்குத் திரும்பும்போது செவ்வாய்ப்பேட்டையில் இறங்கி மளிகை வாங்கினோம். சந்தில் ஆட்டோவும் மூட்டை வண்டியும் இடித்துக்கொண்டு போக, ஒரு கையில் பருப்புப் பை, மறு கையில் அந்தப் பாட்டில். முகம் வெளுத்திருந்தது. கடைக்காரர் பாட்டிலைப் பார்த்து, "என்னம்மா, மயிலிறகா, குட்டி போடுமா?" என்று கேட்டார். "இல்லண்ணா, கோழி இறகு. நான்தான் இதுக்குக் குட்டி போட்டுருவேன் போல" என்றாள். வீட்டுக்கு வந்து அதை அடுக்களையில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். தாளிக்கும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும். யாரும் அவளை அப்படி வைக்கச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு வாரம் மோசமாகப் போனது. தலைவலி, எதைத் தின்றாலும் குமட்டல். முன்னால் பார்க்க முடிந்த கோழிப் படத்தைக்கூட ஒரு நாள் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"உட்டுரு சாமி. பண்ண போனாப் போவுது. உன்ன வதச்சு நாங்க என்னத்தக் கட்டிக்கப் போறோம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "பண்ண போனா உங்களுக்குப் போவும் அத்த. எனக்கு இது நான் எங்க போனாலும் கூடவே வரும். சேலத்துல மொட்டைமாடிக்கு ஏறுனதில்ல நான், புறா வரும்னு. நாளைக்கு ஒரு கொழந்த பொறந்தா, காக்காவுக்குச் சோறு வைக்கக் கூப்புட்டா நான் கதவச் சாத்திக்கணுமா?"

மறுநாள் வழக்கம்போலக் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் முடிந்த பிறகு வீட்டில் தொடர்ந்தது. ஷெட்டு வேலைக்கு இருக்கிற அம்மா ஒரு கோழியைக் கூண்டில் அடைத்து வாசலில், தென்னை மரத்தடியில் கொண்டுவந்து வைப்பார். மருமகள் திண்டில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். நாளாக ஆக, கூண்டு மரத்தடியிலிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து துவைக்கிற கல்லுக்கு வந்தது. "இன்னிக்கி எங்கீங்க அம்மிணி வெக்கட்டும், மடியிலீங்களா?" என்று அந்த அம்மா கேட்பார். "மடியில உங்க பேரன வைங்க" என்பாள் இவள். கூண்டுக்கு இந்தப் பக்கம் அவள் தட்டு, அந்தப் பக்கம் கோழியின் தீவனம், இரண்டும் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஷெட்டுக்குள் போவது என்று ஒரு நாள் குறித்தாள். அதுவும் அவளே குறித்ததுதான். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், பயம் உச்சிக்குப் போனாலும் உடனே ஓடாதீர்கள், அது தானாக இறங்குகிறவரை நின்றுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

விஷயம் கெங்கவல்லிக்குப் போய், சம்பந்தியம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தட்டில் பழம், பூ, மஞ்சள், குங்குமம், ஒரு புதுப் புடவை. பெண் ஒரு பெரிய காரியத்தில் காலெடுத்து வைக்கிறாள், பிறந்த வீட்டுப் புடவை இல்லாமல் எப்படி என்று. நல்ல மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரையில் ஜரிகை. "சாமி கும்புட்டு இதைக் கட்டிக்கிட்டுப் போ பாப்பா" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நானே கொசுவம் மடித்துவிட்டேன். நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டினோம். மகன் ஷெட்டுக் கதவருகே நின்றான். என் வீட்டுக்காரர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு படிக்குக் கீழே நின்றார்.

முட்டைக்கோழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மகா பயந்த ஜீவன். பிறந்ததிலிருந்து பார்த்த ஆள், பார்த்த நிறம், கேட்ட குரல் இதைத் தாண்டி எது வந்தாலும் கலவரம். அதனால் எங்கள் பக்கம் ஷெட்டுக்குள் போகிற எல்லாரும் வெளுத்த நீலச் சட்டைதான் போடுவோம். பெண்களும் புடவைக்கு மேலே அதையே மாட்டிக்கொள்வோம். கதவைத் தட்டி, குரல் கொடுத்து, நாங்கள்தான் வருகிறோம் என்று தெரியப்படுத்திவிட்டு மெதுவாக நுழைவோம். என் பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டபோதே அவனுக்கும் கற்றுக்கொடுத்தது இது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எல்லார் நினைப்பும் அவள் பயத்தின் மேலேயே இருந்தது. கோழியின் பயத்தை யார் நினைத்தார்கள்?

கதவைத் திறந்தான். மாம்பழ மஞ்சள் உள்ளே நுழைந்தது.

முன் கூண்டுக் கோழி ஒன்று கத்தியது. அந்தச் சத்தம் வரிசை வரிசையாகக் கடைசிவரை ஓடியது. பிறகு ஷெட்டு முழுக்க, ஆயிரக்கணக்கான கோழிகள், ஒரே நேரத்தில் இறக்கையை அடித்தன. கம்பியில் இறக்கை மோதுகிற சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. தூசும் இறகும் புகை மாதிரி வாசல் வழியாக வெளியே வந்தன. சம்பந்தியம்மா தட்டைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷம் கோழியோடு கிடந்த நான் தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டேன். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை. தோட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன், எல்லாம் முடிந்தது, இனி இந்தப் பெண் இந்த வீட்டில் இருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு.

தூசு அடங்கும்போது உள்ளே மஞ்சள் தெரிந்தது.

நின்றிருந்தாள். ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாள். தலையிலும் தோளிலும் இறகு. வாய் ஏதோ முணுமுணுத்தது. மகன் உள்ளே பாயப் போனவன், அவள் இன்னொரு கையைத் தூக்கிக் காட்டியதும் நின்றான். ஓடவில்லை அவள். ஓடக்கூடாது என்று சொன்ன நேரமும் தாண்டி நின்றாள். கூக்குரல் குறைந்து கொக்கரிப்பாகி, கொக்கரிப்பு முனகலாக ஆகும்வரை நின்றாள். பிறகு படியிறங்கி வந்து, என் வீட்டுக்காரர் முன்னால் நின்று, தோளில் இருந்த இறகை எடுக்காமலேயே கேட்டாள்.

"மாமா, அந்த நீலச் சட்டை எங்க இருக்குது? என்னைய யாரும் அதப் போட்டுக்கச் சொல்லலியே."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கெரகம். எனக்கே நெனப்பு வரலயே" என்றார். துண்டுக்குள்ளே அவர் சிரிப்பது தெரிந்தது. இளைப்பு வந்து சிரிப்பு இருமலாகியது.

வேலைக்கார அம்மா தன் மாற்றுச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தார். "போடுங்க அம்மிணி. அதுங்களுக்குப் பட்டுப் புடவ கட்டுன மவராசியப் பாத்துப் பழக்கமில்லீங்க. என்ற மூஞ்சியப் பாத்தே பாதி முட்ட போடுதுங்க." மருமகள் உள்ளே போய் மஞ்சள் புடவையை அவிழ்த்துவிட்டு, பழைய புடவையும் அந்தச் சட்டையுமாக வந்தாள். கதவை இரண்டு முறை தட்டினாள். குரல் கொடுக்க வேண்டுமே, என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான்தான். நான் வரேன்" என்றாள், மனிதர்களிடம் சொல்வது மாதிரி. உள்ளே போய் முதல் கூண்டிலிருந்து கடைசிக் கூண்டுவரை நடந்து, திரும்பி வந்தாள். கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அவ்வளவுதான்.

வெளியே வந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "கடைசி வரிசையில ஒரு குழாயில தண்ணி வரல" என்று மகனிடம் சொன்னாள்.

அடுத்த சில நாள் முட்டை குறைந்துபோனது. மிரண்ட கோழி முட்டையிடாது. வியாபாரி கேட்டதற்கு மகன், "சம்பந்தி ஊட்டுச் சீர்ங்க, கொஞ்சம் செலவாயிருச்சு" என்றான்.

டாக்டரம்மாவிடம் கடைசியாகப் போனபோது இதையெல்லாம் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "காந்தம் வேல செஞ்சுதுங்களா, இல்ல இவளே செஞ்சதுங்களா?"

"இவங்க ஒருத்தங்களை வெச்சு அதைப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதும்மா. போன தடவை படத்தோட நின்னவங்க இந்தத் தடவை தாண்டிப் போயிருக்காங்க. மெஷின் ஒரு கை குடுத்திருக்கலாம். நடந்தது அவங்க கால்" என்றார். எல்லாம் என்னால்தான் என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருப்போம். அப்படிச் சொல்லாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோமே என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. வாயில்லாத அந்த மெஷின் மேலும் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் ஷெட்டில் அந்தத் தூசுக்குள் மெஷின் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று எனக்குத் தெரியும்.

முழுசாக விட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். கோழியைக் கையில் பிடிக்க இன்னும் முடியாது. தடுப்பூசி போடுகிற நாளில் கோழியைப் பிடித்துக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறோம், இவள் மருந்தைக் கலந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். எதிர்பாராமல் காக்கை தாழப் பறந்தால் இன்னும் குனிந்துவிடுகிறாள். நான் மட்டும் விடிந்தால், இன்றைக்குத் திரும்ப வந்துவிடுமோ என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "அத்த, எனக்குப் போயிருச்சு, உங்களுக்குத்தான் மெஷின் வைக்கணும்" என்கிறாள்.

பழைய கோழி கழிந்தது. விற்க வேண்டாம் என்று முடிவாகி, புதுக் குஞ்சுக்குச் சொல்லி, குஞ்சும் வந்து வளர்ந்து முட்டைக்கு வந்துவிட்டது. இந்தக் கோழிகளுக்கு முதலிலிருந்தே அவள் குரல்தான் பழக்கம். நான் எப்போதாவது படியேறிப் போனால் என்னைப் பார்த்துக் கத்துகின்றன.

வைத்தியச் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டில் இது வராது என்று சொல்லிவிட்டார்கள். எரு விற்கிற காசு எங்கள் வீட்டில் என் கையில் இருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. அதிலிருந்து நாற்பத்தெட்டாயிரம் கட்டினேன். மகன் தருகிறேன் என்றபோது இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பயம் என்னுது, வைத்தியம் என்னுது, கடனும் என்னுது. இருக்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன்ல, மெதுவா குடுக்குறேன்" என்றாள். ஷெட்டைப் பார்க்கிறதற்கு என் வீட்டுக்காரர் அவளுக்கு மாதாமாதம் ஒரு தொகை எடுத்து வைக்கிறார், அதிலிருந்து தருகிறாள். வேண்டாம் சாமி என்றால் முகம் சுருங்கிவிடுகிறது, அதனால் வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் தந்தது போக, இன்னும் அவள் எனக்குத் தர வேண்டியது முப்பத்தோராயிரம் ரூபாய்.